கடைமடைக்கு எட்டுமா டேட்டா? சிறு கேம் குழுக்களுக்கு ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ்: ஒரு மதிப்பீடு

தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் டைடல் நியோ பூங்கா, திருச்சி நவல்பட்டில் எல்காட் வளாகம் என்று இந்தக் காவிரி டெல்டா பக்கமும் மென்பொருள் வேலைக்கு இடங்கள் வந்துவிட்டன. ஆனால் மொபைல் கேம் செய்ய அவ்வளவு பெரிய இடம் வேண்டியதில்லை. மூன்று பேர், ஒரு மாடி அறை, இரண்டு லேப்டாப், கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டி போதும். கேமைப் பிளே ஸ்டோரில் ஏற்றிய மறுநாளே ஒரு கேள்வி வந்துவிடும்: இறக்கியவர்கள் எங்கே விட்டுவிட்டுப் போகிறார்கள், ஏன்?

அந்தக் கேள்விக்காகப் பெரும்பாலானவர்கள் முதலில் கையில் எடுப்பது, கேமுக்குள் நடப்பதைப் பதிவு செய்து காட்டும் கூகுளின் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ். காசு இல்லை, யூனிட்டிக்கு அதிகாரபூர்வ எஸ்டிகே (கேமில் சேர்க்கும் நிரல் தொகுப்பு) உண்டு, ஆப் முறிந்து நின்றால் வரும் கிராஷ் அறிக்கையும், கேமின் அமைப்புகளைத் தொலைவிலிருந்தே மாற்றும் ரிமோட் கான்ஃபிக்கும் கூடவே கிடைக்கும். ஆண்ட்ராய்டு கேம், சிறிய குழு, கொஞ்சம் எஸ்க்யூஎல் (டேட்டாவைக் கேட்டு எடுக்கும் மொழி) தெரிந்த ஒருவர், செலவுக்குப் பணம் இல்லை: இந்த நிலைமையை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஆடுபுலி ஆட்டத்தை மாதிரிக்கு வைத்துக்கொள்வோம். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்துப் புலிகளை மடக்க வேண்டும், புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். எதிரே ஆடுவது கம்ப்யூட்டர்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் டேஷ்போர்டுக்காக (தொகுத்த எண்களையும் வரைபடங்களையும் காட்டும் பக்கம்) எடுக்காதீர்கள். இந்தச் சேவையில் உண்மையான மதிப்பு, ஒவ்வொரு ஈவென்ட்டையும் (கேமில் நடக்கும் ஒரு நிகழ்வு) மூலப் பதிவாகவே கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரிக்கு அனுப்பி வைக்கும் வசதியில்தான் இருக்கிறது. டேஷ்போர்டு காட்டும் சராசரி, நெட்வொர்க் நன்றாக இருக்கும் இடத்தில் ஆடுகிறவர்களின் சராசரி. கல்லணையில் தண்ணீர் திறந்த செய்தியைப் படித்துவிட்டுக் கடைமடை வயல் நனைந்துவிட்டதாக இங்கே யாரும் எழுதமாட்டார்கள். டேட்டாவையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

முதல் நாளே செய்யாவிட்டால் திரும்பக் கிடைக்காதவை

இந்தச் சேவையில் தாமதமாகத் திருத்தினால் பழையது சரியாகாத அமைப்புகள் நான்கு உண்டு. ஒன்று, நேர மண்டலம். புராபர்ட்டியில் (நம் கேமுக்கான அனலிட்டிக்ஸ் கணக்கு) இது அமெரிக்க பசிபிக் நேரத்தில் இருந்துவிட்டால், நம் கடிகாரத்தில் மதியம் 12:30 அல்லது 1:30-க்கு "நாள்" மாறும். காலையில் கேமை இறக்கி அன்று மாலையே மறுபடி ஆடியவர், மறுநாள் திரும்பி வந்தவராகக் கணக்கில் ஏறுவார். முதல் நாள் ரிடென்ஷன் (மறுநாள் திரும்பி வருபவர்களின் வீதம்) அழகாகத் தெரியும், ஆனால் பொய். இந்திய நேரத்துக்கு மாற்றினாலும் மாற்றிய நாளிலிருந்துதான் செல்லும்.

இரண்டு, டேட்டாவை வைத்திருக்கும் காலம். நாமே டேட்டாவை அலசிப் பார்க்கும் எக்ஸ்புளோரேஷன் பகுதியில் பயன்படும் விவரமான டேட்டா இயல்பாக 2 மாதம்தான் இருக்கும். 14 மாதம் என்று மாற்ற ஒரு சொடுக்கு போதும். பொங்கல் விடுமுறையில் வந்தவர்களைக் கோடை விடுமுறையில் வந்தவர்களோடு ஒப்பிட நினைப்பவர்கள், அந்தச் சொடுக்கை மறந்தால் ஏப்ரலில் ஜனவரியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று, பிக்குவெரி இணைப்பு. இணைத்த நாளுக்கு முந்தைய ஈவென்ட்டுகள் வராது. இணைக்கும்போது டேட்டா எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்கும். மும்பை வேண்டுமென்றால் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. பில்லிங் கணக்கு இணைக்காத சாண்ட்பாக்ஸ் நிலையில் ஒவ்வொரு அட்டவணையும் 60 நாளில் தானாக அழிந்துவிடும். இது தெரியாமல் மூன்றாவது மாதம் திறந்து பார்ப்பவருக்கு முதல் மாதம் இருக்காது. கேம் வெளியான முதல் மாதத்து டேட்டாதான் வடிவமைப்புக்கு விலைமதிப்பற்றது, அதைத்தான் இழக்கிறோம். பில்லிங் இணைத்த பிறகும், ஏற்கெனவே இருக்கும் அட்டவணைகளின் காலாவதித் தேதியை நாமே போய் நீக்க வேண்டும்.

பில்லிங் என்றதும் பயப்பட வேண்டாம். மாதம் 10 ஜிபி சேமிப்பும் 1 டிபி அளவுக்கு வினவலும் (டேட்டாவைக் கேட்டு எடுப்பது) இலவசம். கூகுள் சொல்லும் கணக்கில் 1 ஜிபிக்குச் சுமார் 6 லட்சம் ஈவென்ட்டுகள். தினம் 1,000 பேர் ஆடுகிறார்கள், ஆளுக்கு 60 ஈவென்ட் என்றால் நாளொன்றுக்கு 60,000 ஈவென்ட், அதாவது 0.1 ஜிபி. 10 ஜிபி நிரம்ப 100 நாள் ஆகும். அதற்குப் பிறகும் ஒரு ஜிபிக்கு மாதம் சுமார் 2 அமெரிக்க சென்ட்தான். செலவு ஏறுவது சேமிப்பால் அல்ல, கவனமில்லாத வினவலால். எல்லாப் பத்தியும் வேண்டும் என்று நட்சத்திரக் குறி போட்டு, தேதி வரம்பு இல்லாமல் ஓட்டினால் மொத்த அட்டவணைகளையும் படித்துவிட்டுத்தான் ஓயும். வேண்டிய பத்திகளை மட்டும் பெயர் சொல்லிக் கேட்டு, அட்டவணைப் பெயரின் கடைசியில் இருக்கும் தேதியைக் கொண்டு வரம்பு வையுங்கள். பட்ஜெட் அலெர்ட் வைக்கலாம். ஆனால் அது மெயில் மட்டும்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது.

நான்காவது, கஸ்டம் டைமென்ஷன், அதாவது ரிப்போர்ட்டில் பிரித்துப் பார்க்க நாமே பதிவு செய்யும் தலைப்பு. ஈவென்ட்டோடு நாம் அனுப்பும் பாராமீட்டர் (கூடுதல் விவரம்) எதுவும் தானாக ரிப்போர்ட்டில் தெரியாது. தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் முன் வந்த மதிப்புகள் ரிப்போர்ட்டில் வராது. பிக்குவெரி இணைப்பு இருந்தால் இந்தக் கவலை பாதி குறைந்துவிடும். பாராமீட்டர் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் மூலப் பதிவில் இருக்கும்.

ஈவென்ட்டை எப்படி வகுப்பது

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: லெவல் எண்ணை ஈவென்ட்டின் பெயரிலேயே சேர்ப்பது. "லெவல் 1 ஸ்டார்ட்", "லெவல் 2 ஸ்டார்ட்" என்று வைத்துக்கொண்டே போனால் 500 பெயர் என்ற வரம்பு இருக்கிறது. அதைத் தொடும் முன்பே யாராலும் படிக்க முடியாத பட்டியலாகிவிடும். பெயர் ஒன்றே ஒன்று, லெவல் எண் பாராமீட்டரில். ஒரு ஈவென்ட்டுக்கு 25 பாராமீட்டர் வரை அனுப்பலாம். பெயருக்கு 40 எழுத்து, எழுத்து மதிப்புக்கு 100 எழுத்து. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகக் கணக்காகும் என்பதால் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், அடிக்கோடு போட்டு, ஒரே கோப்பில் மாறிலிகளாக எழுதி வைப்பதே பாதுகாப்பு. கோடில் (நிரலில்) ஆளுக்கொரு இடத்தில் கையால் தட்டச்சு செய்தால் ஒரே நிகழ்வு மூன்று பெயரில் வரும்.

கூகுள் பரிந்துரைக்கும் லெவல் ஸ்டார்ட், லெவல் எண்ட், டுட்டோரியல் பிகின், டுட்டோரியல் கம்ப்ளீட் ஆகிய பெயர்களை அப்படியே பயன்படுத்துங்கள். ஆடுபுலியில் ஆட்டம் தொடங்கும்போது லெவல் ஸ்டார்ட். கூடவே எந்தப் பக்கம் (புலியா ஆடா), கம்ப்யூட்டரின் கடினம், விதி வகை. முடியும்போது லெவல் எண்ட். கூடவே வென்றவர், வெட்டுப்பட்ட ஆடுகள், மொத்த நகர்வு, விநாடிகள். இவ்வளவு எல்லோரும் செய்வார்கள்.

வடிவமைப்புக்கு நிஜமாக உதவுவது நகர்வுகளே. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு ஈவென்ட் அனுப்ப வேண்டியதில்லை. 23 புள்ளிகளுக்கும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் முதலிலிருந்து 23 எழுத்துகளை ஒன்றுக்கொன்றாகக் கொடுத்துவிடுங்கள். ஆடு வைப்பது ஓர் எழுத்து. புலி நகர்வது, புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமுமாக இரண்டு எழுத்து. 15 ஆடும் இறங்கி முடியும்போது 15-உம் 30-உம் சேர்ந்து 45 எழுத்து. மீதி 55 எழுத்தில் இன்னும் 27 நகர்வு அடங்கும். ஆட்டம் அதற்கு மேல் நீண்டால் இரண்டாவது பாராமீட்டரில் தொடருங்கள். ஒரே ஈவென்ட்டில் முழு ஆட்டத்தையும் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியும். எந்தப் புள்ளியில் ஆடு வைத்தவர்கள் சீக்கிரம் தோற்கிறார்கள், எந்த நகர்வுக்குப் பிறகு விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதை டேஷ்போர்டு எதுவும் சொல்லாது. இந்த எழுத்துச் சரம் சொல்லும்.

ஆனால் இந்தப் பாராமீட்டரைக் கஸ்டம் டைமென்ஷனாகப் பதிவு செய்யக் கூடாது. ஒரு நாளில் 500-க்கு மேல் வெவ்வேறு மதிப்பு வரும் டைமென்ஷன், மற்ற ரிப்போர்ட்டுகளில் "மற்றவை" என்ற வரியைப் பெருக்கிவிடும். பிக்குவெரியில் மட்டும் படிப்பதற்கு இது.

இன்னொரு பொறி. பிக்குவெரியில் பாராமீட்டரின் மதிப்பு எழுத்துக்கு ஒரு பத்தி, முழு எண்ணுக்கு ஒரு பத்தி, தசமத்துக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக இருக்கும். கேமின் முதல் வெளியீட்டில் கடினத்தை "3" என்று எழுத்தாகவும், அடுத்த வெளியீட்டில் எண் 3 ஆகவும் அனுப்பினால் அவை வேறு வேறு பத்தியில் போய் உட்காரும். வினவல் பிழை காட்டாது. பாதி ஆட்டங்கள் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஒரு நாள் இரவில் ஆட்டங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால், ஆட்கள் போய்விட்டார்கள் என்று பதறும் முன் இதைப் பாருங்கள்.

பாதியில் விட்டவர்களை எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். ரீசன்ட் பட்டனை அழுத்தி ஆப்பைத் தள்ளிவிட்டால் லெவல் எண்ட் வராது. கிராஷ் ஆனாலும் வராது. இரண்டும் ஸ்டார்ட் மைனஸ் எண்ட் கணக்கில் ஒன்றாகவே தெரியும். யூனிட்டியில் ஆப் பின்னணிக்குப் போகும்போது ஆட்ட நிலையைப் போனில் எழுதி வைத்து, அடுத்த முறை திறந்தவுடன் முடியாத ஆட்டம் இருந்தால் "கைவிட்டது" என்று ஒரு ஈவென்ட்டை, கடைசி நகர்வு எண்ணோடு அனுப்புங்கள். திரும்பி வரவே இல்லாதவரைப் பற்றி இது சொல்லாது என்பது உண்மை. வந்தவர்களைப் பற்றிச் சொல்வதே போதுமான அளவுக்குப் பயன்படும். ஃபயர்பேஸின் கிராஷ் அறிக்கைக் கருவியான கிராஷ்லிட்டிக்ஸையும் சேர்த்தால் கிராஷ் ஆனவர்களைத் தனியாகப் பிரிக்கலாம்.

சோதிக்கும்போது, சோதனைப் போனின் ஈவென்ட்டுகளைக் காட்டும் டீபக் வியூவில்தான் பாருங்கள். ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாகப் போனை டீபக் நிலையில் வைத்தால் ஈவென்ட்டுகள் உடனுக்குடன் தெரியும். டீபக் ஈவென்ட்டுகள் மொத்தக் கணக்கிலும் அன்றாட பிக்குவெரி ஏற்றுமதியிலும் சேராது. அதனால் நம் சோதனை ஆட்டங்கள் டேட்டாவைக் கெடுக்காது. வேலை முடிந்ததும் டீபக்கை அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்த போனில் சாதாரணமாக ஆடிவிட்டு ஏன் ரிப்போர்ட்டில் வரவில்லை என்று கோடைத் தோண்டுவது வீண் வேலை.

கடைமடைப் பிரச்சினை

டெல்டாவில் வைத்துப் பார்க்கும்போது இந்தச் சேவையின் முக்கியமான குறை இங்கேதான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் எஸ்டிகே ஈவென்ட்டுகளைப் போனிலேயே சேர்த்து வைத்து, பேட்டரியை மிச்சப்படுத்தச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அனுப்பும். தஞ்சாவூர் நகரத்தில் இது பிரச்சினையே இல்லை. வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை ஓரங்களில் டேட்டா பேக் தீர்ந்த போனை, யாராவது ஹாட்ஸ்பாட் கொடுக்கும் வரை ஆஃப்லைனில் வைத்து ஆடுகிறவர்கள் உண்டு. ஆடுபுலிக்கு நெட் தேவையே இல்லை என்பதால் அவர்கள் நிறைய ஆடவும் செய்வார்கள். ஈவென்ட் நடந்து 72 மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தால் கூகுள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நாலு நாள் ஆடியவரின் முதல் நாள் ஆட்டம் எங்கும் பதிவாகாது. வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போய் டவரும் சேர்ந்து விழும் வாரங்களில் இந்த இழப்பு இன்னும் பெரிதாகும்.

டேஷ்போர்டில் இதற்கு எந்த அடையாளமும் இருக்காது. ஆட்டம் குறைந்ததாகத்தான் தெரியும். அதைப் பார்த்து "நீளமான ஆட்டங்களை யாரும் விரும்புவதில்லை, சுருக்குவோம்" என்று முடிவெடுத்தால், கேமை மிகவும் நேசித்து ஆடுகிறவர்களுக்கு எதிராகவே கேம் மாறிவிடும். இந்தச் சேவையை வைத்து எடுக்கப்படும் மிக மோசமான முடிவு இந்த வகையாகத்தான் இருக்கும்.

வழி இருக்கிறது. பிக்குவெரியின் ஒவ்வொரு வரியிலும், ஈவென்ட் நடந்ததற்கும் மேலே ஏறியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று மைக்ரோ விநாடியில் ஒரு பத்தி இருக்கிறது. அதை மணியாக மாற்றி 0–1, 1–12, 12–48, 48–72 என்று நான்கு கூறாகப் பிரித்து எண்ணுங்கள். கடைசிக் கூறில் கணிசமான எண்ணிக்கை நின்றால், 72-ஐத் தாண்டி வெளியே விழுந்தவையும் கணிசம் என்று கொள்ளலாம். அன்றாட அட்டவணைகள் தாமதமாக வந்த ஈவென்ட்டுகளுக்காக மூன்று நாள் வரை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், நேற்றைய கணக்கை இன்றே முடிவாக எடுக்காதீர்கள். நான்காம் நாள் எடுங்கள்.

விழுந்தவற்றைப் பிடிக்கவும் ஒரு வேலை செய்யலாம். போனிலேயே நாள் வாரியாகச் சிறிய சுருக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, ஆட்டங்கள், வெற்றி, கைவிட்டவை, அதிகபட்ச நகர்வு. நெட் திரும்பும்போது, இதற்கு முன் அனுப்பாத நாட்களுக்கு "ஆஃப்லைன் சுருக்கம்" என்று புது ஈவென்ட் அனுப்புங்கள். அது அப்போது நடக்கும் ஈவென்ட் என்பதால் 72 மணி வரம்பில் மாட்டாது. பழைய தேதி ஒரு பாராமீட்டராக உள்ளே இருக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் விவரம் கிடைக்காது, ஆனால் இவர் விட்டுப்போகவில்லை, ஆடிக்கொண்டிருந்தார் என்பது தெரியும். ரிடென்ஷன் கணக்கைத் திருத்த அதுவே போதும். சேர்த்து எழுத ஒரு நாள் வேலை. டெல்டாவை நோக்கி கேம் செய்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

ஊர் வாரியாகப் பார்த்துக் கடைமடையைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். அது நடக்காது. நகரத்தை ஐபி முகவரியிலிருந்து ஊகிக்கிறார்கள். மொபைல் டேட்டாவில் திருத்துறைப்பூண்டிக்காரர் சென்னையில் இருப்பதாகக் காட்டலாம். மாவட்டம் வேண்டுமென்றால் ஆடுகிறவரையே விருப்பம்போல் தேர்ந்தெடுக்கச் சொல்லி, யூசர் புராபர்ட்டியாக (ஆடுகிறவரோடு சேர்த்து வைக்கும் விவரம்) வையுங்கள். பெயர் 24 எழுத்துக்குள், மதிப்பு 36 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

"ஒரு ஆள்" என்றால் யார்?

ஃபயர்பேஸ் எண்ணுவது ஆளை அல்ல, போனில் இருக்கும் ஆப் நிறுவலை. வீட்டுக்கு ஒரு நல்ல போன் இருக்கும் இடத்தில் பகலில் அம்மா, மாலையில் பிள்ளைகள், இரவில் அப்பா என்று மூன்று பேர் ஆடினால் அது ஒரே ஆள்; திரும்பி வரும் வீதம் உயர்ந்து தெரியும், திறமை தாறுமாறாகத் தெரியும். இடமில்லாத போனில் ஆப்பை நீக்கி மறுபடி நிறுவினால் ஒரே ஆள் இரண்டு பேராவார். முதல் திரையில் "யார் ஆடுறீங்க?" என்று கேட்டு மூன்று நான்கு படங்களில் ஒன்றைத் தொடச் சொல்வது நல்ல தீர்வு. பெயர் கேட்க வேண்டாம். தொட்ட படத்தின் எண் ஒவ்வொரு ஈவென்ட்டிலும் பாராமீட்டராகப் போகட்டும். ஆடுகிறவருக்கும் தன் கணக்கு தனியாக இருப்பது பிடிக்கும். "ஆப் ரிமூவ்" ஈவென்ட் ஆண்ட்ராய்டுக்கு மட்டும் தானாக வரும். போனில் இடம் போதாமல் நீக்கினாரா, கேம் பிடிக்காமல் நீக்கினாரா என்று அது சொல்லாது.

எண்ணை எப்படிப் படிப்பது

சிறு குழுக்கள் மிகவும் ஏமாறுவது எண்ணிக்கையின் அளவில். முதல் வாரத்தில் 100 பேர் இறக்கினார்கள், மறுநாள் 40 பேர் வந்தார்கள் என்றால் உண்மையான வீதம் 30 முதல் 50 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். 200 பேர் என்றால் கூடக்குறைய 7 சதவீதப் புள்ளி. 1,000 பேர் என்றால் 3 புள்ளி. டுட்டோரியலை மாற்றிய வாரத்தில் 40 என்பது 44 ஆனதைக் கொண்டாடும் முன் எத்தனை பேரை வைத்து எடுத்த 44 என்று பாருங்கள். டேஷ்போர்டு 100 பேருக்கும் 1,00,000 பேருக்கும் ஒரே மாதிரிக் கோடு வரையும்.

ஆடுகிறவர்களை இரண்டாகப் பிரித்து இரண்டு வடிவங்களை ஒப்பிடும் ஏ/பி சோதனையும் இதே கணக்கில்தான் நிற்கிறது. 40 சதவீதத்துக்கும் 45 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பத்தகுந்தபடி பிடிக்க ஒரு பக்கத்துக்குச் சுமார் 1,500 பேர் வேண்டும், மொத்தம் 3,000. நாளுக்கு 50 பேர் புதிதாக வரும் கேமுக்கு அது 2 மாத வேலை. அந்தச் சோதனையை ஓட்டாதீர்கள். அந்த இரண்டு மாதத்தில் கேமையே பத்து விதமாகச் சரிசெய்யலாம். ரிமோட் கான்ஃபிக்கைச் சோதனைக்கு அல்லாமல் திருத்தத்துக்குப் பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டர் புலியின் கடினம், எத்தனை ஆடு வெட்டினால் வெற்றி, முதல் ஐந்து ஆட்டத்தில் குறிப்புக் காட்டுவதா இல்லையா ஆகியவற்றை அதில் வைத்தால் புது வெளியீடு இல்லாமலே மாற்றலாம். இயல்பாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புது மதிப்பை எடுக்கும். புது மதிப்பை ஆட்டத்தின் நடுவில் செயல்படுத்தாதீர்கள். அடுத்த ஆட்டத்திலிருந்து பொருந்தட்டும்.

தோல்வி வீதத்தைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. ஆடு பக்கம் ஆடியவர்களில் 100-க்கு 80 பேர் தோற்றாலும், தோற்றவர்கள் உடனே மறுபடி தொடங்கினால் கேம் சரியாக இருக்கிறது, வைராக்கியம் பிறந்திருக்கிறது. 50 பேரே தோற்று, அவர்கள் ஆப்பை மூடிவிட்டுப் போனால் அங்கேதான் கோளாறு. ஆகவே கேட்க வேண்டிய வினவல் இது: தோற்ற லெவல் எண்ட் வந்து 10 நிமிடத்துக்குள் அதே ஆளிடமிருந்து லெவல் ஸ்டார்ட் வந்ததா? இதைப் பக்கம் வாரியாக, கடினம் வாரியாகப் பிரித்து ஒரு சிறு அட்டவணை எடுத்தால், வாரத்துக்கு ஒரு முறை குழு உட்கார்ந்து பேச அது ஒன்றே போதும்.

எங்கே விடுகிறார்கள் என்று டேட்டா சொல்லும். ஏன் என்று ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும். ஆடுபுலியில் ஊருக்கு ஊர் விதி மாறும். எல்லா ஆடும் இறங்கிய பிறகே நகர்த்தலாம் என்பது ஒரு வழக்கம். எத்தனை ஆடு வெட்டினால் புலி வென்றது என்பதிலும் ஒற்றுமை இல்லை. ஆறாவது, ஏழாவது ஆட்டை வைத்ததும் நிறையப் பேர் விட்டால், கம்ப்யூட்டர் கடினமாக இருப்பதாக நினைத்து எளிதாக்கத் தோன்றும். வைத்த ஆட்டை நகர்த்த முயன்று நகராததால் ஆப் கெட்டுவிட்டது என்று நினைத்து மூடியிருக்கலாம். செல்லாத தொடுதலையும் ஒரு ஈவென்ட்டாக எண்ணினால் இந்த ஐயத்தில் பாதி தீரும். மீதிக்குக் கும்பகோணம் பேருந்து நிலையத்திலோ ஒரு கிராமத்துத் திண்ணையிலோ ஐந்து பேரிடம் போனைக் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விரல் எங்கே தயங்குகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதற்கு மாற்று எந்தச் சேவையிலும் இல்லை.

வேறு எதைப் பார்க்கலாம்

எஸ்க்யூஎல் எழுத ஆளே இல்லாத குழுவுக்கு கேம்அனலிட்டிக்ஸ் பொருத்தம். கேமுக்கென்றே செய்த சேவை அது. தொடங்கியது, முடித்தது, தோற்றது என்ற மூன்று நிலை, நாணயம் வருவதும் போவதும் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. முதல் நாளே அர்த்தமுள்ள பக்கம் திறக்கும். யூனிட்டி போன்ற இன்னொரு மென்பொருளான கோடாட்டுக்கும் எஸ்டிகே தருகிறார்கள். ஃபயர்பேஸுக்கு கோடாட்டில் அதிகாரபூர்வமாக எதுவும் இல்லை. ஆனால் நாணய வகைகளையும் பொருள் வகைகளையும் முன்கூட்டியே அறிவிக்காவிட்டால் ஈவென்ட்டை ஏற்காது. கஸ்டம் டைமென்ஷன் மூன்றே மூன்றுதான். மூலப் பதிவு வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். மேலே சொன்ன நகர்வுச் சரம், தாமதக் கணக்கு இரண்டும் மூலப் பதிவில்லாமல் நடக்காது. ஆகவே எங்கள் கை ஃபயர்பேஸ் பக்கமே நிற்கிறது.

கேம் வளர்ந்தால் ஃபயர்பேஸும் ஒரு சுவரில் முட்டும். அன்றாட ஏற்றுமதிக்கு நாளுக்கு 10 லட்சம் ஈவென்ட் என்று வரம்பு. ஆளுக்கு 60 ஈவென்ட் என்றால் சுமார் 16,700 பேர். தொடர்ந்து தாண்டினால் ஏற்றுமதி நின்றுவிடும். அதற்கு முன் தேவையற்ற தானியங்கி ஈவென்ட்டுகளை ஏற்றுமதிப் பட்டியலிலிருந்து விலக்குங்கள். அதுவும் போதாவிட்டால் ஈவென்ட்டுகளை வர வர அனுப்பும் ஸ்ட்ரீமிங் ஏற்றுமதிக்குப் போகலாம், அதற்குக் காசு.

பிள்ளைகள் ஆடும் கேம் என்றால்

ஆடுபுலியைப் பிள்ளைகள் ஆடுவார்கள், சந்தேகமில்லை. 2023-ஆம் ஆண்டின் இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். அவர்களுடைய தனிநபர் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தைகளின் நடத்தையைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிறது சட்டம். எஸ்டிகேவைச் சேர்த்தாலே சேகரிப்பு தானாகத் தொடங்கிவிடும். ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட்டில் (ஆப்பின் அமைப்புக் கோப்பு) சேகரிப்பை அணைத்த நிலையில் வெளியிட்டு, ஒப்புதல் வந்த பிறகு கோடில் ஆன் செய்யுங்கள். விளம்பர அடையாள எண்ணை எடுப்பதை மேனிஃபெஸ்ட்டிலேயே தனி வரியாக அணைக்கலாம். கடினத்தைச் சரிசெய்ய அந்த எண் எதற்கும் உதவாது, எடுக்காமல் இருப்பதே நல்லது. பெயர், போன் எண், பள்ளிப் பெயர் எதையும் பாராமீட்டரில் அனுப்பாதீர்கள். கூகுளின் விதிகளும் அதை அனுமதிப்பதில்லை. பிளே கன்சோலின் டேட்டா சேஃப்டி படிவத்தில் எதை எடுக்கிறோம் என்று எழுதியதும் கேம் உண்மையில் அனுப்புவதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் டீபக் வியூவைத் திறந்து வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒப்புதல் தராதவர் ஆடும்போது அங்கே ஒரு வரிகூட வரக்கூடாது.